காற்று ‘கடும்’, கடல் ‘கலங்கல்’: நிகழ்தகவா, ஃபஸியா, இரண்டும் சேர்ந்ததா?

கேள்வி மூன்று பக்கத்திலிருந்து வருகிறது. திருகோணமலையின் நிலாவெளிப் பக்கம் கணினி விஞ்ஞானம் படிக்கும் இறுதியாண்டு மாணவர்கள் ஆய்வுத் தலைப்பு எடுக்கும்போது கேட்கிறார்கள். கடற்றொழில் சங்கங்களின் பழைய குறிப்புப் புத்தகங்களைக் கணினியில் ஏற்ற முயல்கிறவர்கள் கேட்கிறார்கள். மூதூர், வெருகல் பகுதிகளில் வெள்ளம் வந்தால் எந்தக் கிராமத்தை முதலில் கவனிப்பது என்று பட்டியல் போட வேண்டிய தொண்டர்கள் கேட்கிறார்கள். மூவரும் வேறு வேறு சொற்களில் சொன்னாலும் சிக்கல் ஒன்றுதான். தரவில் பாதி எண், பாதி சொல். நிகழ்தகவில் போவதா, எல்லை மங்கலான சொற்களை 0 முதல் 1 வரையான அளவால் குறிக்கும் ஃபஸி (fuzzy) முறையில் போவதா, இரண்டையும் பிணைப்பதா?

என் விடையை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானோருக்கு நிகழ்தகவு போதும். சிலருக்கு ஃபஸி மட்டும் போதும். இரண்டையும் பிணைக்க வேண்டியவர்களும் இருக்கிறார்கள். ஆனால் பிணைக்க ஆசைப்படுகிறவர்கள் அவர்களைவிட மிக அதிகம். தலைப்பில் இரண்டு பெரிய பெயர்கள் இருந்தால் ஆய்வுக்கு எடை கூடும் என்ற நினைப்பே அதற்குக் காரணம் என்பது என் சந்தேகம்.

வாடைக் காலத்தில் ஒரு சிறு படகுக்காரர் எழுதி வைக்கும் குறிப்பு ஏறத்தாழ இப்படி இருக்கும்: “காற்று கடும். கடல் கலங்கல். விடியப்புறம் திரும்பினோம். மண்ணெண்ணெய் 22 லீற்றர். சாளை கொஞ்சம், பாரை இல்லை.” ஒரே பந்தியில் அளந்த எண் ஒன்று, அளக்காத அளவு ஒன்று, எல்லை தெரியாத சொற்கள் இரண்டு. வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடற்பரப்பு அறிவித்தலும் இதைவிடச் சுத்தமானதல்ல. காற்றின் வேகம் மணிக்கு 30 முதல் 40 கிலோமீற்றர் என்பது எண். அவ்வப்போது 50 வரை அதிகரிக்கலாம் என்பது வாய்ப்பு. கடல் ஓரளவு கொந்தளிப்பாக இருக்கும் என்பது சொல். இவை மூன்றையும் ஒரே கணக்குக்குள் கொண்டுவரும்போதுதான் தடுமாற்றம் தொடங்குகிறது.

## எதை வைத்துத் தெரிவு செய்வது

முதற் கேள்வி எல்லாவற்றையும்விட முக்கியமானது: நாள் முடிந்த பிறகும் சந்தேகம் மிஞ்சுமா?

நாளை காற்று 40 கிலோமீற்றரைத் தாண்டுமா என்பது இன்று தெரியாது. நாளை மாலை அளவியைப் பார்த்தால் தெரிந்துவிடும். நடக்குமா நடக்காதா என்ற இந்த ஐயத்தைக் காலமும் தரவும் தீர்த்துவைக்கும். 35 கிலோமீற்றர் காற்று கடும் காற்றா என்பது வேறு சங்கதி. அளவி 35 என்று துல்லியமாகக் காட்டிய பிறகும் உப்புவெளிக் கரையில் ஒருவர் ஆம் என்பார், மற்றவர் இல்லை என்பார். இருவருக்கும் அளவியில் சந்தேகமில்லை. எல்லை எங்கே என்பதில்தான் பேதம். ஆயிரம் நாள் தரவு சேர்த்தாலும் அது போகாது.

அடுத்த கேள்விகள் சுருக்கமானவை. தரவு அளந்து வந்ததா, சொல்லி வந்ததா? விடை சரியா என்று பிறகு எதனோடு ஒப்பிடப் போகிறீர்கள்? விடையை எடுத்து யார், என்ன முடிவு செய்யப் போகிறார்? நீங்கள் விலகிய பிறகு அதை யார் பராமரிப்பார்? கடைசிக் கேள்வியை மாணவர்கள் சிரித்துக்கொண்டே தாண்டிவிடுகிறார்கள். சங்கத்தாருக்கு அந்த வசதி இல்லை.

## நிகழ்தகவு மட்டும்

உயர்தரத்தில் இணைந்த கணிதம் படித்தவர்களுக்குப் பழகிய பாதை இது. நிகழ்தகவு பற்றிய பேயிஸின் கட்டுரை அவர் இறந்த பின் 1763இல் வெளிவந்தது. ரஷ்யக் கணிதவியலாளர் கொல்மொகோரொவ் 1933இல் அதன் அடிப்படை விதிகளை ஒழுங்குபடுத்திக் கொடுத்தார். அதன் பிறகு அத்திவாரத்தில் பெரிய ஓட்டை எதுவும் இல்லை.

இதன் பெரிய பலம், பிழையைப் பிடிக்க முடிவது. ‘நாளை கடல் தொழிலுக்குப் போக முடியாத நிலை வர வாய்ப்பு 0.7’ என்று சொன்னீர்கள், வந்தது. வந்ததை 1, வராததை 0 என்று கொண்டால் வித்தியாசத்தின் வர்க்கம் 0.09. வராவிட்டால் 0.49. இப்படி நாள்தோறும் எழுதிச் சராசரி எடுப்பதைத்தான் வானிலை அறிஞர் கிளென் பிரையர் 1950இல் முன்வைத்தார். அந்தச் சராசரிதான் பிரையர் எண், சிறியதாக இருந்தால் நல்லது. ஒரு பருவம் முடியும்போது உங்கள் முறை நல்லதா, சும்மா ஊகித்ததைவிட மோசமா என்பதை அந்த ஓர் எண் சொல்லிவிடும்.

இரண்டாவது பலம், விடையை நேராகப் பணத்தோடு சேர்க்கலாம். ஓர் உதாரணத்துக்கு, கரையில் நின்றுவிட்டால் ஒரு நாள் இழப்பு 15,000 ரூபாய் என்றும், போய் அகப்பட்டுக்கொண்டால் வலையும் இயந்திரமுமாக இழப்பு 100,000 என்றும் வைத்துக்கொள்ளுங்கள். 15,000ஐ 100,000ஆல் வகுத்தால் 0.15. கெட்ட காற்றின் நிகழ்தகவு இதைத் தாண்டினால் கரையில் நிற்பதே இலாபம். உயிரைக் கணக்கில் சேர்த்தால் இந்த எல்லை இன்னும் கீழே போகும்.

மறைந்திருக்கும் செலவுகளைப் பார்ப்போம். எந்த நிகழ்வுக்கும் கூர்மையான எல்லை தேவை. ‘கடும்’ என்பதை ‘40ஐத் தாண்டியது’ என்று மாற்றியே ஆக வேண்டும். 39 கிலோமீற்றர் அடித்த நாள் அமைதியான நாட்களோடு ஒரே பெட்டிக்குள் விழும். அரிதான நிகழ்வுகளுக்குத் தரவே இருக்காது. 1964 டிசம்பரில் திருகோணமலையைத் தாக்கிய சூறாவளியையும் 2020 டிசம்பரில் இதே கரையில் தரைதட்டிய புரெவிப் புயலையும் வைத்து ஒரு பரம்பல் (எந்த அளவு எத்தனை தடவை வரும் என்ற கோடு) வரைய முடியாது. ஆண்டு முழுவதையும் ஒரே பரம்பலில் கொட்டுவதும் வீண். ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான மழையும் வாடையும் வேறு, மே முதல் செப்டெம்பர் வரையான கிழக்குக் கடல் வேறு. தரவைப் பருவவாரியாகப் பிரித்தால் ஒவ்வொரு பங்கும் சிறுத்துவிடும்.

இன்னொரு கண்ணி, சாரா நிகழ்ச்சிகள், அதாவது ஒன்றை ஒன்று பாதிக்காதவை என்று எடுத்துக்கொள்வது. காற்று கடுமையாக இருக்கும் வாய்ப்பு 0.6, அலை உயரமாக இருக்கும் வாய்ப்பு 0.7 என்றவுடன் கை தானாகவே பெருக்கி 0.42 என்று எழுதிவிடும். காற்றுத்தான் அலையை எழுப்புகிறது. அவை சாரா நிகழ்ச்சிகள் அல்ல. இரண்டும் சேர்ந்து நிகழும் வாய்ப்பு 0.3 முதல் 0.6 வரை எங்கும் இருக்கலாம். எங்கே என்று தரவுதான் சொல்ல வேண்டும்.

## ஃபஸி மட்டும்

பாகுவில் பிறந்து கலிபோர்னியாவின் பெர்க்லியில் பேராசிரியராக இருந்த லொட்ஃபி ஸாடே 1965இல் ஃபஸி தொடைகளை (கணங்கள், sets) அறிமுகம் செய்தார். ஒரு பொருள் தொடைக்குள் இருக்கிறது அல்லது இல்லை என்பதற்குப் பதிலாக 0 முதல் 1 வரை உறுப்புரிமை கொடுப்பதுதான் அடிப்படை. 35 கிலோமீற்றர் காற்று ‘கடும்’ தொடையில் 0.7 உறுப்பினர் என்று சொல்லலாம்.

இந்த 0.7ஐ நிகழ்தகவு என்று வாசிக்கிறவர்கள் ஏராளம். கன்னியா வெந்நீர்க் கிணறு ஒன்றில் வாளி விடுவதாக எண்ணிப் பாருங்கள். ‘சூடு’ உறுப்புரிமை 0.6 என்றால் அள்ளும் ஒவ்வொரு வாளியும் இளஞ்சூடாகவே வரும். ‘சூடு’ நிகழ்தகவு 0.6 என்றால் பத்தில் ஆறு வாளி சுடும், நான்கு குளிரும். குழந்தையைக் குளிப்பாட்டப் போகிறவருக்கு இந்த வேறுபாட்டை விளக்கத் தேவையில்லை.

ஃபஸியின் உண்மையான வீடு கட்டுப்பாட்டுப் பொறியியல். மம்தானியும் அசிலியனும் 1975இல் ஒரு சிறு நீராவி இயந்திரத்தை ‘அழுத்தம் கொஞ்சம் கூடினால் வெப்பத்தைச் சற்றுக் குறை’ என்ற பாணி விதிகளால் ஓட்டிக் காட்டினார்கள். 1987இல் ஜப்பானின் செண்டாய் நகரச் சுரங்க ரயில் இதே வழியில் வேகமெடுக்கவும் நிறுத்தவும் செய்யப்பட்டது. இங்கெல்லாம் எதிர்காலத்தைக் கணிக்கும் தேவை இல்லை. உணரி இப்போது காட்டுவதற்கு இப்போதே பதில் செய்தால் போதும். பிழைத்தால் அடுத்த நொடி திருத்தலாம். பழைய தரவு ஒரு வரிகூட இல்லாமல், கைதேர்ந்த ஒருவரின் வாய்மொழி விதிகளோடு தொடங்கலாம் என்பது பெரிய சலுகை.

செலவு பின்னால் வருகிறது. உள்ளீடு நான்கு, ஒவ்வொன்றுக்கும் மூன்று சொற்கள் என்றால் முழு விதித்தொகுதி 81. ஐந்தாவது உள்ளீட்டைச் சேர்த்தால் 243. அனுபவசாலி எவரும் அத்தனை விதியைப் பொறுமையாகச் சொல்லமாட்டார். மீதியை நிரலாளர் தன் இஷ்டத்துக்கு நிரப்புவார். பிறகு ‘நிபுணர் அறிவு’ என்ற பெயரோடு அறிக்கையில் வரும். விதிகளின் கூட்டு விடையை ஒற்றை எண்ணாக மாற்றுவதிலும் ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் உண்டு. மையம் எடுத்தால் ஒரு விடை, உச்சம் எடுத்தால் இன்னொரு விடை.

உறுப்புரிமைக் கோட்டை யார் வரைவது என்பது அதைவிடப் பெரிய பிரச்சினை. 35 கிலோமீற்றர் சிறு ஃபைபர் படகுக்குக் கடும். கொட்பே துறைமுகத்திலிருந்து போகும் பல நாள் படகுக்கு வழக்கமான காற்று. ஒரே சொல்லுக்கு இரண்டு கோடுகள் வேண்டும். இதைக் கேட்காமல் வரைந்த கோடு எவருக்கும் பொருந்தாது.

‘மற்றும்’ என்பதற்குச் சிறியதை எடுக்கும் வழக்கமும் எனக்கு உறுத்துகிறது. முன்சொன்ன 0.6, 0.7 இரண்டில் ஃபஸி 0.6ஐ எடுக்கும். நிகழ்தகவு அனுமதிக்கும் 0.3 முதல் 0.6 வரையான இடைவெளியின் உச்சி அது. இவை உண்மையில் வாய்ப்புகளாக இருந்தால், சேர்ந்து வரும் ஆபத்தை எப்போதும் அதிகபட்சமாகவே சொல்லிக்கொண்டிருப்பீர்கள். எச்சரிக்கைக்கு அது நல்லதுதானே என்று வாதாடலாம். மூன்று முறை வீணாகக் கரையில் நின்றவர் நான்காவது முறை உங்கள் பேச்சைக் கேட்கமாட்டார்.

## இரண்டையும் பிணைத்தால்

இது பழைய சண்டை. புள்ளிவிவரவியலாளர் டெனிஸ் லிண்ட்லி 1987இல், ஐயத்தைக் கையாள நிகழ்தகவு ஒன்றே போதும், வேறெதுவும் தேவையில்லை என்று ஒரேயடியாக எழுதினார். ஸாடே 1995இல், இவை போட்டியாளர்கள் அல்ல, ஒன்றை ஒன்று நிரப்புகிறவை என்றார். எனக்கு இருவரிலும் பாதி பாதி உடன்பாடு.

பிணைப்பில் மிக எளியதும் பெரும்பாலும் போதுமானதும், ஸாடே 1968இலேயே கொடுத்த ஃபஸி நிகழ்வின் நிகழ்தகவு. கணக்கைப் போட்டே பார்க்கலாம். நாளைய காற்று 10–20 கிலோமீற்றருக்குள் இருக்க வாய்ப்பு 0.2, 20–30க்குள் 0.4, 30–40க்குள் 0.3, 40–50க்குள் 0.1 என்று வைத்துக்கொள்ளுங்கள். சிறு படகுக்காரரின் ‘கடும்’ உறுப்புரிமை அதே வரிசையில் 0, 0.2, 0.7, 1. ஒவ்வொன்றையும் பெருக்கிக் கூட்டினால் 0.08, 0.21, 0.10 சேர்ந்து 0.39.

இனிக் கூரிய எல்லையோடு ஒப்பிடுங்கள். எல்லையை 30இல் போட்டால் 0.4. ஃபஸி விடையோடு கிட்டத்தட்ட ஒன்று. அப்படியானால் இவ்வளவு வேலை எதற்கு? எல்லையை 40க்கு நகர்த்துங்கள், 0.1 ஆகிவிடும். காற்றின் வலிமையைப் படிபடியாகக் குறிக்கும் பியூபோர்ட் அளவுகோலின் 6ஆம் படி மணிக்கு 39 கிலோமீற்றரில் தொடங்குகிறது, ஆகவே 40ஐ ஒட்டிய எல்லை ஒன்றும் விசித்திரமானதல்ல. முன்சொன்ன 0.15 விதிப்படி ஓர் எல்லை ‘நில்’ என்கிறது, மற்றது ‘போ’ என்கிறது. காற்று மாறவில்லை, மாறியது நாம் கோடு போட்ட இடம். பிணைப்பின் பயன் இங்கேதான் தெரிகிறது. எல்லாரும் ஏற்றுக்கொண்ட எல்லை இருந்தால் பயன் இல்லை. எல்லையில் தகராறு இருந்து, முடிவு அதைப் பொறுத்துப் புரளுமானால் பயன் உண்டு.

ஆனால் அந்த 0.39 என்ன? இங்கே லிண்ட்லி பக்கத்தாருக்கு நல்ல பதில் இருக்கிறது. 35 கிலோமீற்றர் நாட்களில் பத்துக்கு ஏழு குறிப்புகள் ‘கடும்’ என்று எழுதியிருப்பதுதான் 0.7 என்றால், நீங்கள் போட்டது முழுநிகழ்தகவுத் தேற்றம் (ஒவ்வொரு வகையின் வாய்ப்பையும் பெருக்கிக் கூட்டும் வழக்கமான விதி). 0.39 என்பது நாளைக் குறிப்பில் ‘கடும்’ என்ற சொல் வரும் வாய்ப்பு. அல்லது அந்த வேகத்தில் ஏற்படும் சேதம் முழுச் சேதத்தில் எழுபது வீதம் என்பது 0.7இன் பொருளானால், 0.39 எதிர்பார்க்கும் இழப்பின் பங்கு. இலட்சத்தில் 39,000 ரூபாய், 15,000ஐவிட மிக அதிகம், நிற்க வேண்டும். இரண்டு வாசிப்பும் சரி, ஆனால் இரண்டும் ஒன்றல்ல. எதை எடுத்தீர்கள் என்பதை முதற் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். இரண்டும் பொருந்தாத 0.7 ஒருவரின் கைக்கோடு மட்டுமே. அதை ரூபாயால் பெருக்க உரிமை இல்லை.

முதல் வாசிப்பில் ஒரு நடைமுறை வசதி உண்டு. மீனவரிடம் போய் ‘எத்தனை கிலோமீற்றரில் கடும்?’ என்று கேட்கத் தேவையில்லை, அவர் கிலோமீற்றரில் யோசிப்பதும் இல்லை. பழைய குறிப்பின் சொல்லையும் அதே நாள் அளந்த வேகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கோடு தானாகவே வெளிவரும். ஒரு எச்சரிக்கை: கரையில் நின்ற நாளுக்குக் குறிப்பே இருக்காது. மிக மோசமான நாட்கள்தான் தரவில் விடுபடும். இந்த ஓட்டையை நிகழ்தகவும் அடைக்காது, ஃபஸியும் அடைக்காது. போகாத நாளையும் எழுதச் சொல்வதே மருந்து.

மற்றப் பிணைப்புகளை வேகமாகப் பார்ப்போம். தரவே சொல்லாக வருகிறது, சராசரி வேண்டும் என்றால் ஃபஸி எழுமாற்று மாறிகள் (fuzzy random variables) இருக்கின்றன. குவாகெர்நாக் 1978இலும், புரியும் ராலெஸ்குவும் 1986இலும் வேறுவேறு வழியில் வகுத்தார்கள். ‘சாளை கொஞ்சம்’ என்பதைக் குறைந்தது 5, பெரும்பாலும் 10, கூடினால் 20 கிலோ என்றும், இன்னொரு நாளின் ‘நல்ல பாடு’ என்பதை 30, 40, 60 என்றும் எழுதினால், இரு நாட் சராசரி 17.5, 25, 40. விடையும் அகலத்தோடு வருவது நேர்மையானது. ஆனால் வங்கி முகாமையாளர் ஒற்றை எண்தான் கேட்பார்.

டெம்ப்ஸ்டர் 1967இலும் ஷேஃபர் 1976இலும் வளர்த்த நம்பிக்கைக் கோட்பாடு, ‘தெரியாது’ என்பதற்குத் தனி இடம் கொடுக்கிறது. சாட்சிகள் குறைவான இடத்தில் அது அழகாக வேலை செய்யும். இரண்டு சாட்சிகள் கடுமையாக முரண்பட்டால் அதன் சேர்க்கை விதி, இருவருமே அற்ப வாய்ப்பென்று ஒதுக்கிய மூன்றாவதைத் தூக்கி உறுதியான விடையாக வைத்துவிடக்கூடும். ஸாடே இதைச் சுட்டிக்காட்டியிருக்கிறார். ஆளுக்கொரு கதை சொல்லும் இடங்களில் இதை வாங்காதீர்கள்.

எந்தப் பிணைப்பானாலும் நான் சொல்லும் ஒழுங்கு ஒன்றுதான். ஃபஸி வாசலில் நிற்கட்டும், நிகழ்தகவு உள்ளே இருக்கட்டும். உள்ளே வரும் சொல்லை எண்ணாக்கவும், வெளியே போகும் எண்ணைச் சொல்லாக்கவும் உறுப்புரிமை. இடையில் சேர்ப்பதும் புதுப்பிப்பதும் நிகழ்தகவின் விதிப்படி. நடுவில் ஓரிடத்தில் சிறியதை எடுத்து, இன்னோரிடத்தில் பெருக்கி, கடைசியில் வருவதை ‘நம்பகத்தன்மை’ என்று அழைக்கும் அறிக்கைகளைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. அந்த எண்ணுக்குப் பொருள் சொல்ல எழுதியவராலும் முடியாது.

| அளவுகோல் | நிகழ்தகவு | ஃபஸி | பிணைப்பு |
|---|---|---|---|
| எந்த ஐயம் | நடக்குமா என்பது | எல்லை எங்கே என்பது | இரண்டும் ஒரே முடிவில் |
| தரவு | அளந்தது, நிறைய | சொல்லும் விதியும் | சொல், அதோடு அதே நாளின் அளவீடு |
| சரிபார்ப்பு | பிரையர் எண் | கட்டுப்பாட்டில் எளிது, கணிப்பில் கடினம் | உறுப்புரிமைக்கு எண்ணிக்கைப் பொருள் இருந்தால் மட்டும் |
| மறைசெலவு | கூரிய எல்லை, சிறிய தரவு | விதிப் பெருக்கம், கோடு வரைவது யார் | இரண்டின் செலவும், விளக்கும் சிரமமும் |
| பராமரிப்பு | புதிய தரவைச் சேர்த்தால் போதும் | நிபுணர் மீண்டும் வர வேண்டும் | இரண்டும் தெரிந்த ஒருவர் வேண்டும் |

## யாருக்கு எது

மாணவர்களுக்கு: முதலில் நிகழ்தகவில் மட்டும் செய்து, பிரையர் எண்ணை எழுதி வையுங்கள். பிறகு பிணைத்துப் பாருங்கள். எண் இறங்கவில்லை என்றால் அதையே முடிவாக எழுதுங்கள். பைதானில் இரண்டுக்கும் இலவச நூலகங்கள் கிடைப்பதால் கருவி ஒரு தடையல்ல.

சங்கத்தாருக்கு: கணினிக்கு முன் குறிப்புப் புத்தகத்தைத் திருத்துங்கள். காற்று, கடல் இரண்டுக்கும் நான்கு நான்கு சொற்களை உறுப்பினர்களே கூடித் தீர்மானித்து அச்சடித்துவிட்டால், புள்ளி போட்டால் போதும். அதன் பிறகு எக்செல்லில் எண்ணிக்கை எடுத்தாலே நிகழ்தகவு கிடைக்கும். ஃபஸி மென்பொருள் விற்க யாராவது வந்தால், அவர் போன பிறகு கோட்டைத் திருத்துவது யார் என்று கேளுங்கள்.

வெள்ளப் பட்டியல் போடுகிறவர்களுக்குத்தான் பிணைப்பு உண்மையில் தேவைப்படுகிறது. மகாவலி பெருகி ஒரு கிராமத்துக்குள் தண்ணீர் வருமா என்பது வாய்ப்பு. ‘பாதை துண்டிக்கப்படும்’, ‘முதியோர் அதிகம்’, ‘வீடுகள் பலவீனம்’ என்பன படிநிலை. கிராமங்களைக் கூட்டம் பிரிக்க ஃபஸி சி-மீன்ஸ் எடுக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதில் ஒரு கிராமத்தின் உறுப்புரிமைகளின் கூட்டுத்தொகை எப்போதும் 1. எந்தக் கூட்டத்துக்கும் சேராத தனிக் கிராமமும் எல்லாவற்றிலும் ஏறத்தாழச் சம பங்கு பெற்று, நடுத்தரமானது போலத் தோற்றம் தரும்.

இவர்களுக்கு என் யோசனை, நிகழ்தகவு, பாதிப்பு என்ற இரண்டு நிரல்களையும் (columns) கடைசி வரை தனித்தனியாக வைத்திருப்பது. வெள்ள நிகழ்தகவு 0.2, பாதிப்பின் அளவு 0.9 உள்ள ஒரு கிராமமும், நிகழ்தகவு 0.9, பாதிப்பு 0.2 உள்ள இன்னொரு கிராமமும் பெருக்கியவுடன் 0.18 என்று ஒரே வரிசையில் வந்து நிற்கும். முதலாவதுக்கு மழை பிடிக்கும் முன்பே படகும் உலருணவும் போய்ச் சேர வேண்டும். இரண்டாவதுக்கு வாய்க்கால் துப்புரவு செய்ய நாலு பேரும் மண்வெட்டியும் போதும்.